கல்யாண மண்டப புக்கிங்: எக்ஸெல் போதாதா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் முதலில் கற்றுக்கொள்வது எக்ஸெல்தான். கணக்கு எழுத அருமையான புரோகிராம். ஆனால் முன்பதிவும் பணமும் சேர்ந்து வரும் இடத்தில் அது தடுமாறும். ஏன் என்பதை, எங்கள் ஊரில் உறவினர் நடத்தும் கல்யாண மண்டபத்திற்காக நான் அமைத்த டேட்டாபேஸை வைத்துப் பார்ப்போம்.

அவருடைய எக்ஸெல் ஷீட்டில் பெயர், போன், தேதி, வாடகை, அட்வான்ஸ், இரண்டாம் தவணை, பாக்கி என நெட்டு வரிசைகள் இருந்தன. ஒருவர் நான்கு தவணையாகக் கொடுத்தால்? இன்னும் இரண்டு வரிசை சேர்க்க வேண்டும். அதே குடும்பம் அடுத்த வருடம் தம்பி கல்யாணத்திற்கு வந்தால் பெயரையும் போனையும் மறுபடி டைப் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு நம்பர் இருந்தால் எது சரி?

இதற்குத்தான் ரிலேஷனல் டேட்டாபேஸ். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. எளிமையாகச் சொன்னால், தகவல்களைத் தனித்தனி டேபிள்களில் வைத்து, எண்களால் இணைக்கிறோம். வாடிக்கையாளர் டேபிளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். புக்கிங் டேபிளில் பெயர் இருக்காது, அந்த எண் மட்டும் இருக்கும். போன் நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

அடுத்தது தேதி. சிக்கலே இங்கேதான். நம் ஊர்க் கல்யாணம் பெரும்பாலும் முதல் நாள் மாலையே தொடங்கிவிடும். 5-ஆம் தேதி காலை முகூர்த்தம் என்றால் மண்டபம் 4-ஆம் தேதி மாலையே வேண்டும். முகூர்த்தத் தேதியை மட்டும் குறித்து வைத்தால், 4-ஆம் தேதி மாலை நிச்சயதார்த்தத்திற்கு வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட வாய்ப்புண்டு. பத்திரிகை அடித்த பிறகு இது தெரிந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

எனவே 'வேளை' என்று தனி டேபிள் அமைத்தேன். அதில் தேதி, காலை அல்லது மாலை, புக்கிங் எண் என மூன்று ஃபீல்டுகள். ஒரு கல்யாணத்திற்கு இரண்டு ரெக்கார்டுகள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் இந்த டேபிளை டிசைன் வியூவில் திறந்து, இன்டெக்சஸ் பட்டனை அழுத்துங்கள். ஒரு பெயர் கொடுத்து தேதி ஃபீல்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வரியில் பெயரைக் காலியாக விட்டு வேளை ஃபீல்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு முதல் வரியில் யுனிக் என்பதற்கு எஸ் கொடுங்கள். இனி அதே தேதியில் அதே வேளையை யார் மறுபடி பதிய முயன்றாலும் ஆக்சஸ் மறுத்துவிடும். ஆவணி மாதக் கூட்டத்தில் மூன்று போன்களுக்குப் பதில் சொல்பவரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். (இரண்டு ஹால் இருந்தால் ஹால் எண்ணையும் இந்த இன்டெக்ஸில் சேருங்கள்.)

பணத்திற்கும் தனி டேபிள். ரசீது எண், புக்கிங் எண், தேதி, தொகை. எத்தனை தவணை வந்தாலும் ஒரு ரெக்கார்டு கூடும், அவ்வளவுதான். பாக்கித் தொகையை எங்கும் சேமிக்காதீர்கள். வாடகையிலிருந்து, கட்டிய தொகைகளின் கூட்டலைக் கழித்து ஒரு கொயரி சொல்லிவிடும். கல்யாணம் நின்றுபோனால் புக்கிங்கை அழிக்காமல் 'ரத்து' என்று குறியுங்கள். அதன் வேளைகளை மட்டும் நீக்குங்கள். திருப்பித் தரும் பணத்தை மைனஸ் தொகையாகப் பதியுங்கள். பழைய ரசீதைத் திருத்தினால் பின்னால் தகராறு வரும்போது காட்ட எதுவும் இருக்காது.

பேசிய வாடகையைப் புக்கிங் டேபிளிலேயே எழுதுங்கள். அடுத்த வருடம் வாடகை ஏறும்போது பழைய புக்கிங்கின் கணக்கு மாறக் கூடாதல்லவா? தொகைக்கு கரன்சி டைப்பும் போன் நம்பருக்கு டெக்ஸ்ட் டைப்பும் கொடுங்கள். நம்பர் டைப் கொடுத்தால் முன்னால் வரும் பூஜ்யம் காணாமல் போய்விடும்.

ஆக்சஸ் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸில் இதே டேபிள்களை அமைக்கலாம். எதில் செய்தாலும், இரவு புரோகிராமை மூடியபின் அந்த ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.