பெயர் மாறிய ஊரும் நீரில் மறைந்த ஊரும்

ஆற்றை அன்னை என்றழைக்கும் வழக்கம் ரஷ்ய மக்களிடமும் உண்டு. 'அன்னை வோல்கா' என்று அவர்கள் போற்றும் ஆற்றின் கரையில், ஷெக்ஸ்னா ஆறு வந்து கலக்குமிடத்தில் அமைந்தது ரீபின்ஸ்க் நகரம். 43 ஆண்டுகளில் நான்கு முறை பெயர் மாறிய ஊர் அது! அதன் கதையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ரஷ்ய மொழியில் 'ரீபா' என்றால் மீன். மீனவர் குடியிருப்பாக இருந்த இவ்வூர், அரச குடும்பத்தின் உணவுக்கு மீன் அனுப்பி வந்தது. 1777-இல் பேரரசி இரண்டாம் காதரின் இதனை நகரமாக்கினார். தொழிலே ஊருக்குப் பெயராயிற்று.

ரீபின்ஸ்குக்கு மேலே வோல்காவில் ஆழம் குறைவு. எனவே தெற்கேயிருந்து தானியம் ஏற்றிவந்த பெரும்படகுகள் இங்கே நின்றன. மூட்டைகள் சிறுபடகுகளுக்கு மாற்றப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க் நோக்கிச் சென்றன. மார்பில் வார்ப்பட்டை பூட்டிக் கரையோரமாக நடந்து படகை இழுத்த 'புர்லாக்' என்னும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடினர். நகரின் செல்வம் அவர்கள் தோள்வலியால் வந்ததே. ஆயினும், அவர்களுள் ஒருவர் பெயரையும் யாரும் ஊருக்குச் சூட்டவில்லை.

1946-இல் ஊரின் பெயர் 'ஷெர்பகோவ்' ஆயிற்று. இளமையில் இங்கு வாழ்ந்து, போர்க்காலத்தில் செஞ்சேனையின் அரசியல் துறைக்குத் தலைமை தாங்கிய தலைவர் அவர். 1957-இல் பழைய பெயர் திரும்பியது. இங்குள்ள நீர்ப் போக்குவரத்துத் தொழிற்பள்ளியில் பயின்று, பின்னர் சோவியத் நாட்டின் தலைவரான ஆந்திரபோவ் 1984-இல் மறைந்தார். ஊர் 'ஆந்திரபோவ்' ஆயிற்று. 1989-இல் மீண்டும் ரீபின்ஸ்க்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். ஆகவே, வீட்டில் எல்லோருடைய விண்ணப்பங்களையும் நானே நிரப்புகின்றேன். 'பிறந்த ஊர்' என்னும் கட்டத்தை நிரப்பும்போது இந்நகரத்தார் நினைவுக்கு வருகின்றனர். ஒரே வீட்டில் 1940-இல் பிறந்த அண்ணனுக்கு ரீபின்ஸ்க். 1950-இல் பிறந்த தம்பிக்கு ஷெர்பகோவ். 1985-இல் பிறந்த பேரனுக்கு ஆந்திரபோவ்!

இதைவிடத் துயரமானது அருகிலிருந்த மொலோகா என்னும் ஊரின் கதை. மின்சாரத்துக்காகவும் கப்பல் போக்குவரத்துக்காகவும் ரீபின்ஸ்கில் அணை கட்ட 1935-இல் முடிவாயிற்று. முதலில் நீர்மட்டம் 98 மீட்டர் என்றே திட்டமிட்டனர். 1937-இல் அது 102 மீட்டராக உயர்த்தப்பட்டது. அந்த நான்கு மீட்டர்தான் மொலோகாவின் விதியை முடித்தது. கைதிகளின் உழைப்பால் அணை எழுந்தது. 1941-இல் நீர் தேங்கத் தொடங்கி, ஏறத்தாழ 4,580 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கியது. சுமார் 1,30,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். மொலோகா மக்களுள் பலர் தம் மரவீடுகளைப் பிரித்து, கட்டைகளைத் தெப்பமாகப் பிணைத்து, ஆற்றில் மிதக்கவிட்டு ரீபின்ஸ்குக்குக் கொண்டுவந்தனர். 2014-இல் நீர் வற்றியபோது பழைய ஊரின் எச்சங்கள் வெளியே தெரிந்தன. மொலோகாவின் நினைவுகளைக் காக்க 1995-இல் ரீபின்ஸ்கில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ஆணையால் மாறிய பெயரை இன்னோர் ஆணையால் மீட்க முடிந்தது. மூழ்கிய ஊரை மீட்க எந்த ஆணையாலும் இயலவில்லை. நண்பர்களே, வரலாற்றைப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களை மட்டுமன்றி, அவ்வூர்களில் வாழ்ந்த மக்கள் என்னவானார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்போமாக!