பாதியில் நின்ற பொதி

பாஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் நிறுவ முடியாமல் முரண்டு பிடித்தால், கோளாறு பெரும்பாலும் அந்த மென்பொருளில் இருக்காது. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டில்தான் இருக்கும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007ல் வெளியிட்ட இந்த லினக்ஸ், டெபியன் என்னும் லினக்ஸின் வம்சத்தைச் சேர்ந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இதுவும் பதிந்து வந்ததால், அந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. உபுண்டுவும் அதே வம்சம்தான். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்கும் பொருந்தும்.

இந்த வம்சத்தில் மென்பொருள் ‘டெப்’ என்னும் பொதியாக வருகிறது. அதைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது ‘டிபிகேஜி’. எந்தப் பொதிக்கு வேறு எவையெல்லாம் துணை வேண்டும் என்று கணக்கிட்டு, இணையத்தில் உள்ள மென்பொருள் களஞ்சியத்திலிருந்து இறக்கித் தருவது ‘ஆப்ட்’. கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பில் இந்த வேலைப் பிரிவினை அப்படியே உண்டு. வண்டியிலிருந்து சாமானை இறக்கி வைப்பவர் ஒருவர்; கேமரா வந்ததா, லைட் யூனிட் வந்ததா, ஜெனரேட்டர் எங்கே என்று முதல் நாளே கணக்குப் பார்ப்பவர் புரொடக்‌ஷன் மேனேஜர். இணையத்தில் கிடைத்த டெப் கோப்பை நேரே டிபிகேஜியிடம் கொடுப்பது, மேனேஜரைக் கேட்காமல் கேமராவை மட்டும் வரவழைப்பது போல. கேமரா வந்து நிற்கும், லென்ஸ் இருக்காது. ‘சார்புகள் நிறைவேறவில்லை’ என்ற பொருளில் வரும் பிழைச்செய்தி இதைத்தான் சொல்கிறது. ‘ஆப்ட் இன்ஸ்டால் -எஃப்’ என்று கட்டளையிட்டால் ஆப்ட் விடுபட்ட துணைகளைத் தேடி இறக்கும். அவை களஞ்சியத்தில் இல்லையென்றால், தனித்து நிற்கும் பொதியை நீக்கிவிடலாமா என்று கேட்கும். நீக்கப்போகும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டுவது ஆபத்து.

அடுத்து வரும் சிக்கல் பூட்டு. ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று கணினி சொன்னதும், ‘வார்-லிப்-டிபிகேஜி’ அடைவில் உள்ள ‘லாக்’ கோப்பை அழித்துவிடு என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். இதைவிடத் தவறான யோசனை இந்தத் துறையில் குறைவு. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. கோப்பு இருப்பது பூட்டு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அந்தக் கோப்பின் மீது, இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கேட்டு வாங்கும் உரிமைதான் பூட்டு. நிரல் முடிந்தாலும் செத்தாலும் கெர்னல் அந்த உரிமையை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளும். கோப்பு மட்டும் காலியாக அங்கேயே கிடக்கும்.

ரெக்கார்டிங் தியேட்டர் வாசலில் எரியும் சிவப்பு விளக்கைப் போன்றது இது. பல்பைக் கழற்றினால் உள்ளே பாட்டுப் பதிவு நின்றுவிடாது. வெளியே இருப்பவர் தெரியாமல் கதவைத் திறப்பார், டேக் கெடும். லாக் கோப்பை அழித்ததும் இரண்டாவது நிரல் அதே பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கி, அதன் மீது பூட்டு வாங்கிக்கொள்ளும். முதல் நிரல் பழையதைப் பிடித்தபடியே இருக்கும். இரண்டும் ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கும். பெரும்பாலும் பூட்டைப் பிடித்திருப்பது, கணினி கிளம்பியதும் பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்புதான். பத்து நிமிடம் பொறுத்தால் தானே விலகும். 2020ல் வந்த ஆப்ட் 2.0, உடனே முகத்தைத் திருப்பாமல் பூட்டுக்காகக் காத்திருக்கவும் கற்றுக்கொண்டது.

அந்தப் பதிவேட்டின் பெயர் ‘ஸ்டேட்டஸ்’. எந்த எடிட்டரிலும் படிக்கக்கூடிய வெறும் உரைக் கோப்பு. ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும்: பாதி நிறுவியது, பிரித்து வைத்தது, பாதி அமைத்தது, முழுதாக நிறுவியது. நிறுவும் நடுவில் மின்சாரம் போனால், பொதி வந்தும் வராத நிலையில் நிற்கும். அது தீரும்வரை அடுத்த பொதிகளும் தடுமாறும். ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற ஒரே வரி விட்ட இடத்திலிருந்து தொடரும். பதிவேடே சிதைந்துபோனால் ‘வார்-பேக்கப்ஸ்’ அடைவில் அதன் பழைய நகல்கள் இருக்கும். இவ்வளவு ஏற்பாடு உள்ளே இருக்கும்போது, பிழைச்செய்தியின் முதல் வரியைக்கூடப் படிக்காமல் “ஃபார்மட் போட்டுடலாம்” என்று சொல்லும் சர்வீஸ் கடை வழக்கம் வருத்தத்துக்குரியது. வாடிக்கையாளரின் புகைப்படங்கள் போவது இப்படித்தான்.

களஞ்சியம் தொடர்பான பிழைகளில், கேட்ட முகவரியில் கோப்பு இல்லை என்னும் ‘404’ எளிது. டெபியன் தன் பழைய வெளியீடுகளை வழக்கமான முகவரியிலிருந்து எடுத்து ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிடும்; அதற்கேற்ப ‘சோர்ஸஸ்.லிஸ்ட்’ கோப்பில் முகவரியை மாற்ற வேண்டும். ஆவணக் களஞ்சியத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் புதிய வெளியீட்டுக்கு மாறுவதே மேல். உபுண்டு களஞ்சியத்தை டெபியனில் சேர்த்துவிட்டு வரும் குழப்பம் அவ்வளவு எளிதல்ல. டெபியன்காரர்களே இப்படி ஒட்டுப்போட்ட கணினியை ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று கேலி செய்கிறார்கள். வட்டில் இடமில்லாத சிக்கலுக்கு ‘ஆப்ட் கிளீன்’ இறக்கிவைத்த பொதிகளை அழித்து இடம் தரும். ‘பூட்’ பகுதி நிரம்பியிருந்தால் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழைய கெர்னல்களை அகற்றும்.

கடைசியாக, பரணிலிருந்து இறக்கிய பழைய கணினிகளில் வரும் ஒன்று. இணையம் சரியாக இருக்கும், முகவரியும் சரியாக இருக்கும். ஆனால் களஞ்சியக் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஆப்ட் மறுக்கும். கோப்பில் உள்ள தேதியைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டே ஆப்ட் அதை ஏற்கிறது. மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி. கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.