தொடக்கநிலை மீட்டமைப்பு: கைப்பேசியை அழிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

தொடக்கநிலை மீட்டமைப்பு என்பது, ஒரு மின்னணுக் கருவியில் பயனர் சேர்த்த தரவுகள், செயலிகள், அமைப்புகள் அனைத்தையும் நீக்கி, அதைப் புதிதாக வாங்கியபோது இருந்தது போன்ற நிலைக்குக் கொண்டுவருவதாகும். பேச்சு வழக்கில் இதை ‘ஃபேக்டரி ரீசெட்’ என்கிறோம். கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, வைஃபை ரவுட்டர் முதலிய பெரும்பாலான கருவிகளில் இந்த வசதி உண்டு.

இதைச் செய்வது சில நிமிட வேலைதான். ஆனால் செய்தபின் திரும்பப் பெற வழியில்லை. எனவே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்பதற்கு முன், இந்தக் கருவியில் உள்ள கணக்கு யாருடையது, அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஒரு வீட்டுக்கு ஒரே திறன்பேசி இருப்பது இன்றும் உண்டு. பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கான ஓ.டி.பி., வங்கிக் குறுஞ்செய்தி, மிளகும் காப்பியும் வாங்கும் வியாபாரிகளின் எண்கள், சாதிச் சான்றிதழின் படம் எல்லாம் அந்த ஒன்றில்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் கைப்பேசி அடிக்கடி நின்றுபோனது. கல்லூரியில் படிக்கும் மகன், காணொளி ஒன்றைப் பார்த்து, பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி அதை மீட்டமைத்தான். கைப்பேசி மீண்டும் இயங்கியது. ஆனால் முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது. அந்தக் கணக்கை உருவாக்கியவர், கைப்பேசியை விற்ற கடைக்காரர். மின்னஞ்சல் முகவரி என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் நினைவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, இருமுறை நாமக்கல் போய் வந்தார்கள். வாங்கிய ரசீது பத்திரமாக இருந்ததால் சேவை மையத்தில் பூட்டை நீக்கிக் கொடுத்தார்கள். படங்களும் தொடர்பு எண்களும் திரும்பவில்லை.

இதில் மகன் செய்த செயல்முறை சரியே. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் விடுபட்டது.

மீட்டமைக்கும்போது நடப்பது என்ன?

கைப்பேசியின் சேமிப்பகம் பல பிரிவுகளைக் கொண்டது. இயங்குதளம் ஒரு பிரிவிலும், பயனரின் தரவுகள் வேறு பிரிவிலும் இருக்கும். மீட்டமைப்பு பயனர் பிரிவை மட்டுமே அழிக்கிறது. இயங்குதளப் பிரிவைத் தொடுவதில்லை. ஆகவே ஆண்ட்ராய்டு 12 உடன் வாங்கிய கைப்பேசியைப் பின்னர் 14-க்குப் புதுப்பித்திருந்தால், மீட்டமைத்த பிறகும் 14 தான் இருக்கும். ‘தொடக்கநிலை’ என்ற சொல்லை இந்த அளவில் புரிந்துகொள்ள வேண்டும்.

அழிப்பதிலும் இரு வகை உண்டு. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயரை அடித்துவிட்டால் அவர் ஊரை விட்டே போய்விடுவதில்லை. பழைய கருவிகளில் பல இப்படித்தான் அழித்தன. கோப்புகளின் பட்டியல் நீங்கும், கோப்புகள் அப்படியே கிடக்கும். 2015-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து நிறுவனங்களின் 21 பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை ஆராய்ந்தனர். அவை 2.3 முதல் 4.3 வரையிலான பதிப்புகளில் இயங்கியவை. மீட்டமைத்த பின்னும் அவற்றிலிருந்து செய்திகள், படங்கள், கூகுள் கணக்கிற்குள் நுழையப் பயன்படும் தரவுகள் ஆகியவற்றை அவர்களால் மீட்க முடிந்தது.

இன்றைய கைப்பேசிகளில் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. ஒரு நாட்குறிப்பை முழுக்கச் சங்கேத எழுத்தில் எழுதி, அதைப் படிக்க உதவும் அட்டவணையை ஒரே ஒரு தாளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அந்தத் தாளை எரித்துவிட்டால் நாட்குறிப்பு இருந்தும் பயனில்லை. மீட்டமைக்கும்போது அந்தத் தாளுக்கு ஒப்பான மறைச்சாவி அழிக்கப்படுகிறது. 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 உடன் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கருவிகளுக்கும் மறையாக்கம் கட்டாயமானது. மிகப் பழைய கைப்பேசியை விற்பதானால், முதலில் அமைப்புகளில் மறையாக்க வசதி உள்ளதா எனப் பார்த்து, இருந்தால் அதை இயக்கி, அதன்பின் மீட்டமைப்பது நல்லது.

அழியாதவை

மீட்டமைப்பு பின்வருவனவற்றை நீக்குவதில்லை:

• சிம் அட்டையும் அதில் பதிந்த எண்களும்.
• பெரும்பாலான கருவிகளில் மெமரி கார்டில் உள்ள கோப்புகள். இரண்டு அட்டைகளையும் கழற்றிவிட்டே மீட்டமைக்க வேண்டும்.
• கூகுள், ஆப்பிள் போன்ற கணக்குகளும் அவற்றின் இணையச் சேமிப்பில் உள்ளவையும். கருவியில் அழிந்தாலும் கணக்கு இருக்கும்.
• கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். திருட்டுப் போன கைப்பேசியை இந்த எண்ணைக் கொண்டு முடக்கும் சி.இ.ஐ.ஆர். வசதி 2023 மே மாதம் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முடக்கப்பட்ட கைப்பேசியை மீட்டமைத்தாலும் முடக்கம் நீங்காது.

கணக்குப் பூட்டு

கைப்பேசியைத் திருடியவர் மீட்டமைத்துப் பயன்படுத்துவதைத் தடுக்க, 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 உடன் ஆப்பிள் ‘ஆக்டிவேஷன் லாக்’ என்ற பூட்டைக் கொண்டுவந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் கூகுளும் இதுபோன்ற பாதுகாப்பைச் சேர்த்தது. மீட்டமைத்த கருவி, முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லையோ, சில கருவிகளில் பழைய திரைப்பூட்டையோ கேட்கும். பொத்தான்களை அழுத்தி மீட்டமைக்கும்போது இந்தப் பூட்டு விழும்.

பூட்டு திருடனை மட்டுமே தடுப்பதாக நினைக்கிறோம். கடவுச்சொல் தெரியாத உரிமையாளரும் அதற்குத் திருடனைப் போன்றவரே. கடைக்காரரோ உறவினரோ உருவாக்கித் தந்த கணக்கில் கைப்பேசியைப் பயன்படுத்துவோர் இதை உடனே கவனிக்க வேண்டும். நமது சொந்த எண்ணைக் கொண்டு புதிய கணக்கு தொடங்கி, தொடர்பு எண்களை அதற்கு மாற்றிவிட்டு, பழைய கணக்கை நீக்கிவிடுவது சரியான வழி. புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் வீட்டில் ரசீதுடன் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். கைப்பேசிக்குள் மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை.

உண்மையிலேயே தேவைதானா?

கைப்பேசி மெதுவாக இயங்குகிறது என்பதற்காக உடனே மீட்டமைக்க வேண்டியதில்லை. முதலில் அணைத்து இயக்கலாம். சேமிப்பகம் நிறைந்திருந்தால் தேவையற்ற காணொளிகளை நீக்கலாம். அண்மையில் நிறுவிய செயலியை அகற்றிப் பார்க்கலாம். இணையத் தொடர்பு மட்டும் சிக்கல் என்றால், மீட்டமைப்புப் பட்டியலிலேயே உள்ள பிணைய அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் படங்களும் செயலிகளும் அழியாது. கருவியைப் பிறருக்குக் கொடுக்கும்போதும், தீங்குநிரலை வேறு வழியில் அகற்ற முடியாதபோதும் முழு மீட்டமைப்பு தேவைப்படும்.

மீட்டமைக்கும் முன்

1. படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்களை இணையச் சேமிப்பிலோ கணினியிலோ பென் டிரைவிலோ நகலெடுக்க வேண்டும். எடுத்த நகலை வேறொரு கருவியில் திறந்து பார்த்த பிறகே அது நகல் என்று நம்பலாம்.
2. வாட்ஸ்அப் உரையாடல்களை அந்தச் செயலிக்குள்ளேயே தனியாகக் காப்பெடுக்க வேண்டும். மீண்டும் நுழைய அதே எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்பதால் அந்தச் சிம் இயக்கத்தில் இருக்க வேண்டும்.
3. வங்கி, யு.பி.ஐ. செயலிகளை மறுபடி பதிவுசெய்ய வேண்டியிருக்கும். சிம் அட்டையும், பற்று அட்டை போன்ற தேவையான விவரங்களும் கைவசம் உள்ளனவா எனப் பார்க்கவும்.
4. கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு கருவியில் உள்ளிட்டுச் சரிபார்க்கவும். கூகுள் கடவுச்சொல்லை இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் 24 மணி நேரம் பொறுத்து மீட்டமைக்கவும்.
5. பிறருக்குக் கொடுப்பதானால், நகல் எடுத்த பிறகு கணக்குகளைக் கருவியிலிருந்து நீக்கவும். ஐஃபோனில் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்கவும்.
6. மின்னேற்றம் போதுமான அளவு இருக்கட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத மலையூர்களில் முழு மின்னேற்றத்துடன் தொடங்குவதே நல்லது.

செய்முறை

பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரீசெட் ஆப்ஷன்ஸ் என்று சென்று, எல்லாத் தரவையும் அழிக்கும் வாய்ப்பைத் தொட வேண்டும். சாம்சங் கருவிகளில் இது ஜெனரல் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் உள்ளது. ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல் என்று சென்றால் பட்டியலின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்’ இருக்கும். எப்போதும் செட்டிங்ஸ் வழியாகவே மீட்டமைக்கவும். பொத்தான்களை அழுத்தும் முறை, திரை திறக்கவே முடியாத நிலைக்கான கடைசி வழி.

விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்ற வரிசையில் ‘ரீசெட் திஸ் பிசி’ கிடைக்கும். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா என்று அது கேட்கும். கணினியை விற்பதானால் இரண்டாவதைத் தேர்ந்து, வட்டைத் துப்புரவாக்கும் வாய்ப்பையும் இயக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்ததுண்டு. இப்படி இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியை மீட்டமைத்தால் ஒன்று இயங்காமல் போகலாம். அனுபவம் உள்ளவர் துணையுடன் செய்யவும்.

வைஃபை ரவுட்டரில் சிறு துளைக்குள் உள்ள பொத்தானைச் சில நொடிகள் ஊசியால் அழுத்தினால் மீட்டமையும். ஆனால் இணைய நிறுவனம் தந்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதிலிருந்து அழிந்துவிடும். அவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குவோருக்கு

விற்பவர் முன்னிலையிலேயே கைப்பேசியை மீட்டமைத்து இயக்கிப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்காமல் முகப்புத் திரை வரை வந்தால் மட்டுமே பணம் கொடுங்கள். *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அது ரசீதில் உள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

மாணவர்கள் தம் பெற்றோரின் கைப்பேசியை எடுத்து, செட்டிங்ஸில் எந்த மின்னஞ்சல் கணக்கு உள்ளது, அதன் கடவுச்சொல் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று இன்றே பார்க்கலாம். கைப்பேசி பழுதாகி நிற்கும் நாளில் இதைத் தேடத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.