சுங்கை சிப்புட்: யாருக்கும் சொந்தமில்லாத தொகுதி

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் சுங்கை சிப்புட்டின் பெயரைப் படித்திருப்பீர்கள். 1948 ஜூன் 16ஆம் நாள், இவ்வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாடநூல் பெரும்பாலும் அதோடு எங்கள் ஊரை விட்டு நகர்ந்துவிடும். ஆனால் நாட்டின் தேர்தல் வரலாற்றைப் புரிந்துகொள்ள, சுங்கை சிப்புட்டைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை இத்தொகுதியில் வாக்களித்திருக்கிறது. பால்மரம் சீவிய பாட்டி தோட்டத்து லயத்திலிருந்து போய் வாக்களித்தார். அப்பா பட்டணத்து வாடகை வீட்டிலிருந்து, நான் தாமான் வீட்டிலிருந்து. முகவரி மாறியது; தொகுதி மாறவில்லை.

நான்கே பேர்

1959இல் நடந்த, சுதந்திரத்திற்குப் பிந்திய முதல் பொதுத் தேர்தலிலிருந்து இன்றுவரை இத்தொகுதிக்கு நான்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள். முதலாமவர் இம்மண்ணிலேயே பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1955இல் கிந்தா உத்தாரா தொகுதியில் வென்றவர், 1959, 1964, 1969 தேர்தல்களில் சுங்கை சிப்புட்டில் வென்றார். இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையும், தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் அமைந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் அவர் பெயரோடு இணைந்தவை.

இரண்டாமவர் துன் ச. சாமிவேலு. 1974 முதல் 2004 வரை தொடர்ந்து எட்டுத் தேர்தல்களில் வென்றார். ம.இ.கா. தலைவர், அமைச்சர் என்று 34 ஆண்டுகள் தொகுதியைத் தம் கையில் வைத்திருந்தார். 1999இலும் 2004இலும் அவரை எதிர்த்துத் தோற்றவர் நுரையீரல் மருத்துவரான டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ். மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த அவர், 2008இல் பி.கே.ஆர். சின்னத்தில் மூன்றாவது முறையாக மோதினார். அவருக்கு 16,458 வாக்குகள், சாமிவேலுவுக்கு 14,637. வித்தியாசம் 1,821.

2013இல் ஜெயகுமார் 2,793 வாக்கு வித்தியாசத்தில் தொகுதியைத் தற்காத்தார். 2018இல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றபோது அவருக்குக் கிடைத்தது 1,505 வாக்குகள். வைப்புத் தொகையும் போயிற்று. அவ்வாண்டு பி.கே.ஆர். வேட்பாளர் எஸ். கேசவன் 5,607 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2022இல் ம.இ.கா. தலைவர் டான்ஸ்ரீ எஸ்.ஏ. விக்னேஸ்வரனே நேரில் களமிறங்கினார். கேசவன் 21,637, விக்னேஸ்வரன் 19,791. வித்தியாசம் 1,846.

பதவியிலிருந்த இரு கட்சித் தலைவர்களைத் தோற்கடித்திருக்கிறது இத்தொகுதி. மக்கள் மதித்த மருத்துவரையும் சின்னம் மாறியதும் விட்டுவிட்டது.

‘இந்தியர் தொகுதி’ என்பது சரியா?

நால்வரும் இந்தியர்கள். அதனால் இதை ‘இந்தியர் தொகுதி’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாக்காளர் பட்டியல் வேறு கதை சொல்கிறது. இந்திய வாக்காளர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மலாய்க்காரர்களும் சீனர்களும் தனித்தனியே மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறார்கள். மீதமுள்ளவர்களில் பெரும்பாலோர் உட்பகுதிக் கிராமங்களில் வாழும் ஒராங் அஸ்லி மக்கள். எந்த இனமும் இங்கே பாதியைத் தொடவில்லை. இந்தியர் வாக்கை மட்டும் நம்பி இங்கே எவரும் வென்றதில்லை, இனி வெல்லவும் முடியாது.

இந்தக் கலவை வரலாற்றில் விளைந்தது. ரப்பர்த் தோட்டங்கள் தமிழர்களைக் கொண்டுவந்தன. அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமங்கள் சீனர்களை ஓரிடத்தில் குடியமர்த்தின. லிந்தாங் பக்கம் மலாய்க் கிராமங்கள். மலையடிவாரக் காட்டுப் பகுதியில் தெமியார் மக்கள்.

இவர்கள் எல்லாரையும் இணைக்கும் பிரச்சினை ஒன்று உண்டு: நிலம். தோட்டம் கைமாறும்போது லயத்தில் இருந்தவருக்கு வீடு, காய்கறி பயிரிடுபவருக்கு நிலப்பட்டா, பூர்வகுடிகளுக்குப் பரம்பரை நிலம். நம் அரசமைப்பின்படி நிலம் மாநில அரசின் பொறுப்பு. ஆகவே நாடாளுமன்ற வாக்குச்சீட்டோடு சட்டமன்ற வாக்குச்சீட்டும் இங்கே முக்கியம். இத்தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஜாலோங்கை 2008 முதல் ஜ.செ.க. வென்று வருகிறது, லிந்தாங் அம்னோவின் பிடியில் உள்ளது. பக்கத்துப் பக்கத்து வாக்குச் சாவடிகள் வேறு வேறு திசையில் நிற்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,846 என்பது எவ்வளவு? 40 பேர் அமரும் பேருந்தில் ஏற்றினால் 46 பேருந்துகள் நிறைந்து இன்னும் 6 பேர் மிஞ்சுவார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. வென்றவருக்கு வாக்களித்தவர்களில் 924 பேர் மனம் மாறி இரண்டாமவருக்கு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இது எப்படிச் சாத்தியம்? நாம் பின்பற்றுவது பிரிட்டனிடமிருந்து வந்த தேர்தல் முறை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும். பாதிக்குமேல் பெற வேண்டியதில்லை. 2018இல் கேசவன் 20,817 வாக்குகள் பெற்றார். மற்ற மூவரும் சேர்ந்து அதைவிட அதிகம் பெற்றிருந்தார்கள். 2022இலும் அதே நிலைதான். பிரிட்டனிலும் இப்படிப்பட்ட தொகுதிகள் உண்டு. 2017இல் ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 2 வாக்குகள். இரண்டாண்டில் அத்தொகுதி வேறு கட்சியிடம் போனது.

உங்கள் பங்கு

2021 டிசம்பரில் வாக்களிக்கும் வயது 18 ஆனது. பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. நாடு முழுவதும் 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டினர். நீங்கள் பாரம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பெயர் அடையாள அட்டை முகவரியில் பதிவாகும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ படிக்கிறவர், முகவரியை மாற்றாவிட்டால் சொந்த ஊருக்கு வந்துதான் வாக்களிக்க வேண்டும். சில நூறு வாக்குகள் முடிவை மாற்றும் தொகுதியில், விடுதியிலேயே தங்கிவிடும் மாணவரும் முடிவில் பங்கு வகிக்கிறார்.

2022இல் இங்கே மோதிய இரு அணிகளும் தேர்தலுக்குப் பின் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. அடுத்த முறை இத்தொகுதி யாருக்கு என்று தலைவர்கள் மேசையில் பேசிக்கொள்ளக்கூடும். பேசட்டும். ‘இது எங்கள் தொகுதி’ என்று எந்தக் கட்சி சொன்னாலும், 2008ஐயும் 2018ஐயும் நினைவில் வையுங்கள். அதற்கு முன் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பெயர், முகவரி, வாக்களிப்பு மையம் மூன்றையும் சரிபாருங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம், அவர்கள் முதன்முதலில் எந்த ஊரில், எதற்காக வாக்களித்தார்கள் என்று கேளுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அங்கே கிடைக்கும்.