அறுபதில் எட்டிப் பார்க்கும் அக்கி

சிறுவயதில் வந்த சின்னம்மை சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால், அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருக்கும். சிலருக்கு அறுபதை ஒட்டிய வயதில் ஒருநாள் விலா ஓரம் எரிச்சலும் குத்தலும் கிளம்பும். இரண்டு மூன்று நாளில், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் வரிசைகட்டும். அதுதான் அக்கி.

எதிர்ப்பாற்றல் எங்கே தளர்கிறது?

முதுமையில் எதிர்ப்பாற்றல் குறைவதால்தான் வைரஸ் மீண்டும் தலைதூக்குகிறது என்று 1965இல் எழுதியவர் இங்கிலாந்தின் எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர் அல்ல. சைரன்செஸ்டர் ஊரின் குடும்ப மருத்துவர். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தே இந்த முடிவுக்கு வந்தார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான், கிருமிகளை எதிர்க்கும் டி செல்களின் பயிற்சிக்கூடம். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கி, கொழுப்பாக மாறிவரும். பழைய கிருமிகளை அறிந்த செல்கள் மிஞ்சும். புதுக் கிருமிகளுக்கான செல்கள் குறையும். கொரோனா முதியவர்களைக் கடுமையாகத் தாக்கியதற்கு இது ஒரு காரணம். தடுப்பூசியின் பலனும் முதுமையில் குறையும் என்பதால், 65 வயதைக் கடந்தவர்களுக்கென்றே நான்கு மடங்கு வீரியமுள்ள ஃப்ளூ தடுப்பூசி அமெரிக்காவில் இருக்கிறது.

பாதிப்பு இருபுறமும்

தளர்ந்த எதிர்ப்பாற்றல் சும்மாவும் இருப்பதில்லை. கிருமியே இல்லாதபோதும் உடம்பில் மெல்லிய அழற்சி நீடிக்கிறது என்பதை 2000இல் இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி சுட்டிக்காட்டினார். இதயநோய், சர்க்கரைநோய் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்புண்டு. 2021இல் எலிகளின் எதிர்ப்பு செல்களை மட்டும் ஆய்வாளர்கள் முதுமையடையச் செய்தபோது, மற்ற உறுப்புகளிலும் முதுமையின் அடையாளங்கள் தென்பட்டன.

என்ன செய்யலாம்?

அக்கிக்குக் குயவரிடம் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பூச்சின் குளிர்ச்சி இதமாக இருக்கலாம். வைரஸ் அதற்கு அடங்காது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்புவலி படுத்தக்கூடும். ஐம்பதைக் கடந்தோருக்கு இரண்டு தவணை அக்கித் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது. விலைதான் சாமானியருக்கு எட்டாது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிமோனியா போன்ற தொற்றிலும் அவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். திடீர்க் குழப்பம், தடுமாறி விழுதல், சாப்பாட்டை ஒதுக்குதல் ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.