தரவுகளின் வகைமாற்றம்: பதுளைத் தோட்டக் கணக்குகளும் 'ஆர்' கணிமொழியும்

புள்ளிவிபர ஆய்வில் ஈடுபடுவோர் தரவுகளைத் திரட்டும் முறை பற்றியே பெரிதும் கவலை கொள்வர். களத்தில் கேட்கப்பட்ட வினா பொருத்தமானதா, பெற்ற விடை நம்பத்தக்கதா, எடுத்த மாதிரி போதுமானதா என்பனவே வழக்கமான ஐயங்கள். ஆனால், சரியாகத் திரட்டிச் சரியாகப் பதிந்த தரவும் கணனிக்குள் நுழையும் அக்கணத்திலேயே வேறொன்றாக மாறிவிடக்கூடும். இம்மாற்றம் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் கணக்குகள் இதனை விளக்குவதற்கு மிகவும் ஏற்றவை. பசறை, நமுனுகுல, தெமோதரை, ஹாலி-எல, ஹப்புத்தளை என விரியும் இத்தோட்டப் பரப்பைப் பற்றிய ஆய்வுகளுக்கு, 'ஆர்' எனப்படும் புள்ளிவிபரவியற் கணிமொழி பயன்படும் காலம் இது. எனவே வினா ஏட்டளவினதன்று.

'ஆர்' மொழியின் மூலம் 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸ் முதலியோர் உருவாக்கத் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழியாகும். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் அதனைத் தழுவி 'ஆர்' மொழியை ஆக்கினர். அதன் முதலாவது முழுமையான பதிப்பு 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் வெளியாயிற்று. விலையின்றிக் கிடைப்பது என்பதே எமது பல்கலைக்கழகங்களில் அது வேரூன்றியமைக்கு முதற் காரணம் எனலாம்.

இம்மொழியில் ஒரு நிரலிலுள்ள பெறுமதிகள் யாவும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும். மெய் பொய் என்னும் தருக்க வகை, முழுவெண், தசமவெண், எழுத்துத்தொடர் என அவ்வகைகள் படிப்படியாக உயரும். ஒரு நிரலில் ஆயிரம் எண்களுக்கிடையே ஒரேயோர் எழுத்துத்தொடர் கலந்துவிட்டால், அந்த ஆயிரமும் எழுத்துத்தொடர்களாகவே கொள்ளப்படும். தரவுக்கோப்பை வாசிக்கும்போது, நிரல் எவ்வகையினது என்று ஆய்வாளர் அறிவிக்காவிடின், பெறுமதிகளின் தோற்றத்தைக் கண்டு மொழியே ஊகித்துக்கொள்ளும். இடர்ப்பாடு அங்கிருந்துதான் ஆரம்பமாகின்றது.

பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் கொழுந்து பறிக்கும் தொழிலாளர் நாற்பது பேரின் விபரங்கள் ஒரு கோப்பில் உள்ளன என்று கொள்வோம். பால் என்னும் நிரலில் ஆண்களுக்கு 'எம்' என்றும் பெண்களுக்கு 'எஃப்' என்றும் ஆங்கில எழுத்துக்களை இடுவது ஆய்வாளர் வழக்கம். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களே என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை; நாற்பது பேரும் பெண்களாகவே இருத்தலும் கூடும். அவ்வாறாயின் அந்நிரல் முழுவதும் 'எஃப்' என்ற ஒற்றையெழுத்தாகவே அமையும். 'ஆர்' மொழியோ அவ்வெழுத்தைப் பொய் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகவும் ஏற்பது. ஆகவே அது நாற்பது பெண்களையும் நாற்பது பொய்களாக வாசித்துக்கொள்கின்றது. அந்நிரலின் கூட்டுத்தொகையைக் கேட்டால் சுழியம் என்று விடை வரும். எச்சரிக்கை எதுவும் வராது.

இதில் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. நாற்பது பேருள் ஓர் ஆண் இருந்திருந்தால், 'எம்' என்னும் எழுத்து ஊகத்தைத் தடுத்திருக்கும். நிரல் எழுத்துத்தொடராகவே நின்றிருக்கும். பெண்கள் மட்டும் உள்ள குழுவிலேதான் பிழை நேர்கின்றது. தமிழரைக் குறிக்க 'டி' என்ற எழுத்தை இட்டாலும் இக்கதியே. சிங்களவர், முஸ்லிம்கள் கலந்து வாழும் பதுளை நகரின் கோப்பில் அவ்வெழுத்து எழுத்தாகவே இருக்கும். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் வாழும் லயங்களின் கோப்பில் அது மெய் என்னும் தருக்கப் பெறுமதியாகிவிடும். பின்னர் இரு கோப்புக்களையும் இணைத்தால், தருக்கப் பெறுமதிகள் மீண்டும் எழுத்துத்தொடராக உயர்த்தப்படும். ஆனால் பழைய ஒற்றையெழுத்து மீளாது. மெய் என்பதற்குரிய முழு ஆங்கிலச் சொல்லே அவ்விடத்தில் நிற்கும். அட்டவணையில் நகரத் தமிழர் ஓரினமாகவும் தோட்டத் தமிழர் வேறோர் இனமாகவும் பிரிந்து தோன்றுவர். 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழரென்றும் இந்தியத் தமிழரென்றும் வகுத்த வரலாற்றை அறிந்த வாசகர் இவ்விடத்தில் சற்றுப் புன்முறுவல் கொள்ளக்கூடும். அப்பிரிப்பு திட்டமிட்டுச் செய்யப்பட்டது. இதுவோ எவரும் எண்ணாதது.

அடுத்து, தோட்ட வழக்கில் 'பேர்' எனப்படும் அலகைக் கருதுவோம். பிரட்டுக்களத்தில் தொடங்கும் நாள் முடிவுறும்போது, உரிய நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும், குறைந்தவருக்கு அரைப்பேர். இதனைத் தரவாக்குவோர் ஒன்று என்றும் 0.5 என்றும் பதிவர். முப்பது பெண்களுள் 24 பேருக்கு முழுப்பேரும் ஆறு பேருக்கு அரைப்பேரும் விழுந்த நாளின் மொத்தம் 27. அந்நிரலை முழுவெண்ணாக மாற்றும்படி கட்டளையிட்டால், மொழி தசமப் பகுதியை வெட்டியெறியும். அண்மித்த எண்ணுக்கு மட்டந்தட்டுவதில்லை. அரைப்பேர் யாவும் சுழியமாகி மொத்தம் 24 ஆகும். வேலைக்கு வந்தாரா இல்லையா என்றறிய அதே நிரலைத் தருக்க வகைக்கு மாற்றிக் கூட்டினாலோ, சுழியமல்லாத எதுவும் மெய்யே என்பது விதியாகலின், மொத்தம் 30 வரும். ஒரு நாளின் உழைப்பு மூன்று தொகைகளாகத் தோற்றமளிக்கின்றது. வருகையைக் கணக்கிடுவதற்கு முப்பது என்பது சரியான விடையே. சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு அதே நிரலை மீண்டும் பயன்படுத்துமிடத்தேதான் தவறு.

சம்பளம் பற்றிய எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் கொடுப்பனவுகள் உட்பட 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி 730 ரூபா. 2019ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி 750 ரூபா. நெடுங்காலப் போராட்டத்தின் பின், 2021இல் சம்பள நிர்ணயச் சபையின் வழியே 1,000 ரூபாவாயிற்று. ஆயிரத்தை எழுதும்போது நாம் காற்புள்ளி இடுகின்றோம். முன்னைய தொகைகளுக்கு அது தேவைப்படவில்லை. காற்புள்ளியுள்ள பெறுமதியை 'ஆர்' எண்ணாக ஏற்பதில்லை. அந்த ஒன்றினால் நிரல் முழுவதும் எழுத்துத்தொடராகிவிடும். ஆக, மூவிலக்கச் சம்பளத்தின் காலத்தில் எழுதப்பட்டுக் குறையின்றி இயங்கிய நிரற்றொடரொன்று, சம்பளம் நான்கிலக்கத்தை எட்டியதும் சறுக்குகின்றது.

எவ்வாறு சறுக்குகின்றது என்பது பதிப்பைப் பொறுத்தது. 2020 ஏப்ரலில் வெளியான நான்காம் பதிப்புக்கு முன்னர், எழுத்துத்தொடர் நிரல்களை வாசிக்கும்போதே 'காரணி' என்னும் வகைக்கு மாற்றுவது அம்மொழியின் இயல்பாயிருந்தது. காரணி என்பது வகுப்புக்களைக் குறிக்கும் அமைப்பு. அது வேறுபட்ட பெறுமதிகளை அகரவரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என உள்ளெண் வழங்கும். மேற்கூறிய மூன்று சம்பளங்களையும் எழுத்து வரிசையில் அடுக்கினால் ஒன்று என்னும் இலக்கத்தில் தொடங்கும் 1,000 முதலில் நிற்கும். 730 இரண்டாவது, 750 மூன்றாவது. பழைய பதிப்பே நிறுவப்பட்டிருந்த கணனியில் ஆய்வாளர் இந்நிரலை எண்ணாக மாற்றினால், மொழி சம்பளங்களைத் தராது உள்ளெண்களையே தரும். சராசரி 826.67 ரூபாவுக்குப் பதிலாக 2 என்று வரும். அதனையாவது கண்டவுடன் உணர்ந்துகொள்ளலாம். இரு மாறிகளுக்கிடையிலான இணைவை மட்டும் கணிப்பவர் கண்ணுக்கு எதுவும் படாது. உயர்ந்த சம்பளம் தாழ்ந்ததாகவே கணக்கில் ஏறியிருக்கும். நான்காம் பதிப்பின் பின், எண்ணாக மாற்றும் முயற்சியில் காற்புள்ளியுள்ள பெறுமதி 'இல்லாத் தரவு' ஆகும். அத்துடன் ஓர் எச்சரிக்கையும் வரும். இது பெரிய முன்னேற்றம் என்பதே எமது கருத்து. பிழை நேர்வதிலும் பிழை பேசாமலிருப்பதே ஆய்வுக்குக் கேடு.

இதுவரை கூறியவற்றில் மொழியின் ஊகம் குற்றவாளியாக நின்றது. மறுதலையாக, வகுப்பைக் குறிக்கும் இலக்கத்தை எண்ணென்றே நம்புவதாலும் கேடு விளையும். இலங்கையின் அரச புள்ளிவிபரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகள் உள்ளன. அவற்றுக்கு முறையே 1, 2, 3 எனக் குறியிடுவர். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்வின்படி, வறுமைக்கு உட்பட்டோர் நகரத்தில் 1.9 வீதம், கிராமத்தில் 4.3 வீதம், தோட்டத்தில் 8.8 வீதம். குறியீட்டை எண்ணாகவே விட்டு ஒருபடிப் பிற்செலவுச் சமன்பாட்டில் இட்டால், நகரத்திலிருந்து கிராமத்துக்கும் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கும் உள்ள தூரம் சமம் என்று மொழி கொள்ளும். உண்மையில் முதலாவது 2.4, இரண்டாவது 4.5.

இச்சமன்பாட்டின் கோடு மூன்று துறைகளையும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் மக்கள் தொகையில் நகரம் 18.2 வீதமும் கிராமம் 77.4 வீதமும் ஆக, தோட்டம் 4.4 வீதமே. இவ்வளவுகளை நிறையாகக் கொண்டு கணித்தால், தோட்டத்தின் வறுமை ஏறத்தாழ 7.4 வீதமென்று கோடு கூறும். எவரும் வறுமையிலிருந்து மீளாமலே 1.4 வீதப் புள்ளிகள் மறைந்துவிட்டன. தோட்டத் தமிழர் செறிந்து வாழும் பதுளை போன்ற மாவட்டத்துக்கு நிதியொதுக்கீடு இத்தகைய மதிப்பீடுகளைச் சார்ந்திருக்குமாயின், இது கணிதப் பிழை என்ற அளவில் நின்றுவிடாது. அந்நிரலைக் காரணியென அறிவித்தால், மொழி துறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பைக் கணிக்கும், 8.8 அப்படியே மீளும். முன்பு கேடு செய்த அதே காரணி இங்கே மருந்தாகின்றது.

பரிகாரம் கடினமானதன்று. கோப்பை வாசிக்கும் கட்டளையிலேயே ஒவ்வொரு நிரலின் வகையையும் ஆய்வாளர் அறிவித்துவிடலாம். அறிவித்தபின் மொழி ஊகிப்பதில்லை. வாசித்தவுடன், கணிப்புக்கு முன், நிரல்களின் வகைகளைக் காட்டும்படி கேட்பதும் நல்ல பழக்கம். காற்புள்ளிகளை முதலில் நீக்குதல் வேண்டும். பழைய காரணி நிரலாயின், அதனை எழுத்துத்தொடராக மாற்றிக் காற்புள்ளியை நீக்கிய பின்னரே எண்ணாக மாற்றுதல் வேண்டும். மாவட்டங்களின் குறியீட்டெண்களை எழுத்துத்தொடராகவே வைத்திருத்தல் தகும். பதுளைக்கு 81, மொனராகலைக்கு 82 என்று இருப்பதனால் அவற்றின் சராசரியாகிய 81.5 எந்த ஊரையும் குறிப்பதன்று.

பால் நிரலைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் உண்டு. 'பெ', 'ஆ' என்று தமிழிலேயே குறியிட்டால், மெய்ப்பொய்ப் பட்டியலில் அவ்வெழுத்துக்கள் இல்லாமையால் மொழி அவற்றைத் தொடுவதில்லை. விண்டோஸ் கணனிகளில் தமிழெழுத்து முன்னர் சிதைந்து தோன்றுவதுண்டு. 2022இல் வெளியான 4.2 பதிப்பு முதல், புதிய விண்டோஸ் பதிப்புக்களில் ஒருங்குறி இயல்பாகவே ஏற்கப்படுவதால் அத்தடையும் பெருமளவு நீங்கியுள்ளது.