வலைப்பூ தொடங்குகிறீர்களா? ஒரு பிரதி கையில் இருக்கட்டும்

2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டிஸ் சேவையை மூடியது. இலவச இடம் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் அங்கே எழுதிச் சேர்த்தவர்களின் பக்கங்கள் காணாமல் போயின. தமிழில் இணையத்துக்கு முதலில் வந்தவர்கள் சிலரின் பக்கங்களும் அவற்றில் இருந்தன. இன்று பிளாக்கரிலோ வேர்ட்பிரஸ் டாட் காமிலோ பத்தே நிமிடத்தில் வலைப்பூ தொடங்கிவிடலாம். அதைச் சொல்லித்தர யூடியூபில் ஆள் இருக்கிறது. எழுதியதைக் காப்பாற்றச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

பிளாக்கர் கூகுளுடையது. உங்கள் வலைப்பூ மொத்தமும் ஒரு ஜிமெயில் கணக்கை நம்பித்தான் நிற்கிறது. கணக்கு களவுபோனாலோ முடக்கப்பட்டாலோ எழுத்தும் கைவிட்டுப் போகும். முதல் பதிவுக்கு முன்பே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரை இரண்டாவது நிர்வாகியாகச் சேருங்கள். எழுதியவர் காலமான பின் கடவுச்சொல் தெரியாமல் குடும்பம் தவிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பதிவுகள் அனைத்தையும் கோப்பாக இறக்கி வையுங்கள். பேக்கப் கோப்பில் எழுத்து வந்துவிடும், படங்கள் வராமல் போகலாம். அவற்றைத் தனியே சேமிப்பதுதான் பத்திரம்.

அடுத்தது திருட்டு. நீங்கள் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய சமையல் குறிப்போ ஊர் வரலாறோ வேறொருவர் பெயரில் வந்தால் வயிறு எரியும். ‘நான் எதையும் பதிவு செய்யவில்லையே’ என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. திருடிய பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். இந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் பக்கம் திரும்பி வரலாம். வழக்கு என்றால் எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றமே போதும்.

இதே சட்டம் உங்களையும் கட்டும். கூகுளில் தேடினால் கிடைக்கிறது என்பதற்காக ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை அவர் கதையை முழுதாக எடுத்துப் போட அனுமதி வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவை, கல்கியின் படைப்புகளைப் போல, இதற்கு விலக்கு.

ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம்சாட்டும் முன் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்வது அவதூறு ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. பயந்து வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. ‘66ஏ-வில் உள்ளே போடுவோம்’ என்று யாராவது மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டதைச் சொல்லுங்கள்.

தளமே காரணமில்லாமல் உங்கள் பதிவை நீக்கிவிட்டால், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடுங்கள். அந்த அலுவலரின் பெயரைத் தளம் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதி. அவர் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மனுச் செய்யலாம். நீக்கப்பட்ட பதிவின் பிரதியை மனுவோடு இணைக்க வேண்டியிருக்கலாம்.